எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குக் கணினியில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். அரசு மேல்நிலைப் பள்ளிக்கு எதிர்ச்சாரியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அடுத்த இரண்டு மாதத்துக்குக் கடையில் நிற்க இடம் இருக்காது. பொறியியல் கலந்தாய்வு, அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ, உதவித்தொகை என்று பிள்ளைகள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வந்து காத்திருப்பார்கள். பன்னிரண்டு வருடம் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு ஒரு கணினியின் முன்னால் என்ன தெரிகிறது, எதில் திணறுகிறது என்று அந்த இரண்டு மாதமும் மிக அருகிலிருந்து பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் முதலில் கேட்பது மின்னஞ்சல் முகவரி. "உன் மெயில் ஐடி சொல்லும்மா" என்றால், பத்துப் பேரில் பெரும்பாலோர் "தெரியலக்கா, நீங்களே ஒண்ணு போட்டுருங்க" என்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஒரு மின்னஞ்சல் கணக்கு இருக்கிறது. அதை யார் தொடங்கினார்கள், கடவுச்சொல் என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. போன் வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அடுத்தது புகைப்படம். 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று படிவம் சொல்லும். போனில் எடுத்த படம் 3 எம்பி, 4 எம்பி இருக்கும். அதைச் சுருக்க வேண்டும் என்பதே பலருக்குப் புதிய செய்தி. மதிப்பெண் பட்டியலை பிடிஎஃப் ஆக்கி, அதற்கு ஒரு பெயர் வைத்து, ஓரிடத்தில் சேமித்து, அடுத்த வாரம் வந்து அதே இடத்தில் தேடி எடுக்கத் தெரிந்த பிள்ளைகள் அபூர்வம். "எங்கம்மா வச்சே?" என்று கேட்டால் "கேலரில இருந்துச்சுக்கா" என்று தேய்த்துக்கொண்டே போவார்கள். திருமணப் படம், ரீல்ஸ், சாமி படம், அவற்றுக்கு நடுவில் எங்கோ சாதிச் சான்றிதழ்.

சில வருடங்களுக்கு முன் கல்குவாரித் தொழிலாளி ஒருவரின் மகள் அழுதுகொண்டு வந்தாள். கணக்கில் நல்ல மதிப்பெண். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவளுக்குப் பொறியியல் இடம் கிடைத்திருந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். விண்ணப்பத்தை வேறொரு ஊரில், ஒரு பிரவுசிங் சென்டரில் பதிந்திருக்கிறார்கள். அங்கே இருந்தவர் தன்னுடைய கைபேசி எண்ணையே போட்டுவிட்டார். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நாளுக்குள் உள்ளே போய், இந்த இடத்தை ஏற்றுச் சேர்கிறேனா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேனா என்று உறுதி செய்ய வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியும் ஓடிபியும் போனது அவருடைய போனுக்கு. இவர்கள் விசாரிக்கப் போவதற்குள் கெடு முடிந்துவிட்டது. அவள் இப்போது ஒரு கலைக் கல்லூரியில் படிக்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் ஏழு வருட அரசுப் பள்ளிப் படிப்பால் கிடைத்த உரிமை, தன் பெயரில் ஒரு மின்னஞ்சலும் தன் எண்ணும் வைத்துக்கொள்ளச் சொல்லித்தர ஆளில்லாமல் போனதால் கைவிட்டுப் போனது. அந்தப் பெண் படித்த பள்ளியில் ஹைடெக் லேப் என்ற உயர் தொழில்நுட்பக் கணினி ஆய்வகம் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். நம் அரசுப் பள்ளிகளுக்குக் கருவி வந்திருக்கிறது, இன்னும் வருகிறது. அந்தக் கருவியைக் கொண்டு எந்த வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில், எல்லோருக்கும் புரிகிற தமிழில், பெற்றோர் கையில் கொடுக்கும்படி எழுதிய அளவுகோல் எங்கள் பள்ளிக்கு வந்ததில்லை. அதை முதலில் எழுத வேண்டும். என்ன வாங்குவது, யார் சொல்லித்தருவது, எந்தப் பீரியட் என்ற திட்டமெல்லாம் அதற்குப் பிறகு, அதிலிருந்து வர வேண்டும்.

கருவிகளை நான் குறைத்துப் பேசவில்லை. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து என் தம்பிக்குக் கிடைத்த அந்த மடிக்கணினியை மேசையில் வைத்துத்தான் இந்தக் கடையையே ஆரம்பித்தோம். அரசு கொடுத்த ஒரு பொருள் ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும் என்பதற்கு நாங்களே சாட்சி. 2019-20 கல்வியாண்டிலிருந்து 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. பிறகு நடுநிலைப் பள்ளிகளுக்கும் வந்தன. தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் என்று அறிவிப்புகள் தொடர்ந்தன. இந்தியாவில் பல மாநிலங்களில் இந்த நிலை இல்லை. ஒன்றிய அரசின் 2024-25 யுடைஸ் பள்ளிக் கணக்குப்படி நாடு முழுக்கக் கணினி வசதி உள்ள பள்ளிகள் 64.7 சதவீதம்தான். மூன்றில் ஒரு பள்ளியில் இன்னும் கணினி கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கையே பாருங்கள். எத்தனை பள்ளியில் கணினி, எத்தனை பள்ளியில் இணையம் என்று எண்ணுகிறது. எத்தனை பிள்ளைகளுக்கு என்ன செய்ய வருகிறது என்று அதில் ஒரு கட்டம்கூட இல்லை. இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1984-இல் ஒன்றிய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வித் திட்டம் கொண்டுவந்தபோது, பிரிட்டனிலிருந்து பிபிசி மைக்ரோ கணினிகள்தான் முதலில் வந்து இறங்கின. நாற்பது வருடம் ஆகிறது. இயந்திரம் மாறியிருக்கிறது. எண்ணிப் பார்க்கிற விதம் மாறவில்லை.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், கடைக்கு எதிரே உள்ள அந்த மேல்நிலைப் பள்ளியில். பெற்றோர் என்ற முறையில் பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். அப்படித்தான் ஹைடெக் லேபை உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. டைல்ஸ் போட்ட சுத்தமான அறை, வாசலில் செருப்பு வைக்கத் தனி ரேக், சுவரோரமாக வரிசையாகக் கணினிகள். வாராந்திர வினாடி வினா நடந்துகொண்டிருந்தது. ஒரு கணினிக்கு இரண்டு பேர். திரையில் கேள்வி, அதன் கீழே நான்கு விடைகள். ஒருத்தி மவுஸைப் பிடித்திருந்தாள், பக்கத்தில் இருந்தவள் "ரெண்டாவது, ரெண்டாவது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பீரியட் முடியும் வரை ஒரு பிள்ளையும் கீபோர்டைத் தொடவில்லை. தொடவேண்டிய தேவையே இல்லை, விடையைச் சொடுக்கினால் போதும். பல கீபோர்டுகளின் மேல் வாங்கியபோது போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. மற்ற நேரத்தில் அந்த அறையில் என்ன நடக்கும் என்று கேட்டேன். எமிஸ் என்ற அரசுத் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, இணையவழிப் பயிற்சி, அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய விவரங்கள். அங்கே வேலை பார்க்கிற ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வருகைப்பதிவில் தொடங்கி நலத்திட்டப் பொருள் வரை எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுவதற்கே அவர்கள் நாளின் பெரும்பகுதி போய்விடுகிறது. மேலிருந்து அவர்களிடம் கேட்கப்படுவது அதுதான். "இந்த மாதம் எட்டாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒரு பக்கம் தட்டச்சு செய்தார்கள்?" என்று யாரும் கேட்பதில்லை.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பிறக்கும்போதே போனோடு பிறக்கிறார்கள்' என்பார்கள். 2024-ஆம் ஆண்டின் அசர் ஆய்வு நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்டது. 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிகிறது. முந்தைய வாரத்தில் சமூக வலைதளம் பார்த்தவர்கள் 76 சதவீதம், படிப்பு சம்பந்தமாகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைதளம் பயன்படுத்துகிற பிள்ளைகளில், தன் பக்கத்தை மற்றவர் பார்க்காதபடி பூட்டி வைக்கத் தெரிந்தவர்கள் 55 சதவீதம்தான். ஒருவரைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம். போனைத் திறக்கத் தெரிகிறது, கதவைச் சாத்தத் தெரியவில்லை. இந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் இன்னும் பின்னால் நிற்கிறார்கள். போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருக்கும் பையன்கள் 36 சதவீதம், பெண்கள் 27 சதவீதம்.

எங்கள் ஊரில் இது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பையனுக்குப் பத்தாம் வகுப்பிலேயே போன் வந்துவிடும். பெண்ணுக்கு அண்ணன் வீட்டில் இருக்கும்போது கிடைக்கும் அரைமணி நேரம்தான். அந்த அரைமணி நேரத்தில் அவள் கற்றுக்கொள்வது அண்ணன் அனுமதித்ததை மட்டும்தான். தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தால், அவளுடைய படத்தையே யாராவது வெட்டி ஒட்டி அனுப்பினால், யாரிடம் சொல்வது, எதை அழிக்காமல் வைத்துக்கொள்வது, 1930 என்ற எண்ணைக் கூப்பிடலாமா, 1098-ஐக் கூப்பிடலாமா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. வீட்டில் சொன்னால் போனையும் பிடுங்கி, சில வீடுகளில் படிப்பையும் நிறுத்திவிடுவார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் ஒன்றில்தான் அவள் அண்ணன் தோளுக்குப் பின்னால் நிற்காமல் தானே ஒரு திரையின் முன்னால் உட்கார முடியும். அந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்து நான்கு விடைகளில் ஒன்றைச் சொடுக்கச் சொல்லி எழுப்பி அனுப்பிவிடுகிறோம்.

அளவுகோல் என்றால் பெரிய நிபுணர்கள் கூடி ஆங்கிலத்தில் நூறு பக்கம் எழுதுகிற விஷயம் என்று தோன்றலாம். இதே மாவட்டத்தில் அதற்கு வேறொரு முன்மாதிரி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துப் படித்தார்கள், கூடவே சைக்கிளும் பழகினார்கள். கல்குவாரிப் பெண்கள் தங்கள் குழுவின் பெயரில் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அந்த இயக்கத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சைக்கிளை நினைவுகூர்வார்கள். எனக்கு அதில் இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. எழுத்தறிவு என்றால் என்ன என்று அன்றைக்குத் தெளிவாக எழுதி வைத்திருந்தார்கள். 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் அளவுகோல்படி, ஓர் எளிய பத்தியை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் உரக்க வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசித்தால் 35 சொல். பார்த்து எழுதினால் 7 சொல், சொல்லச் சொல்ல எழுதினால் 5 சொல். 100 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். சாலையோரப் பலகையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஒரு கூலிப் பெண்ணுக்கும் புரிகிற அளவுகோல், திண்ணையில் உட்கார்ந்து ஒரு தொண்டர் சோதிக்க முடிகிற அளவுகோல். எத்தனை சிலேட்டு கொடுத்தோம், எத்தனை அரிக்கேன் விளக்கு வாங்கினோம் என்பது அதற்குப் பிறகுதான்.

என் அம்மா அந்த வகுப்பில் படித்தவர். எங்கள் வீட்டுமனைப் பட்டாவை எழுத்துக்கூட்டித் தானே வாசித்து, அதில் தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவர் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, தாலுகா ஆபீசுக்கு நடந்து சரிசெய்தார். இன்று அந்தப் பட்டா தாளில் இல்லை. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் திரையில் வரும். அம்மா கற்ற எழுத்து அங்கே பாதி தூரம்தான் கூட்டிப்போகிறது. மீதி தூரத்துக்கு எங்களைப் போன்ற கடைக்காரர்களிடம் வர வேண்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கித்தான் நான் பிழைக்கிறேன். பிள்ளைகள் தாங்களே செய்யக் கற்றுவிட்டால் என் கடைக்கு வருகிற கூட்டம் குறையும். குறையட்டும். ஒரு ஊரே தன் காகிதங்களைப் பார்க்க இன்னொருவர் கையை நம்பியிருப்பது நல்லதில்லை.

அப்படியானால் அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? என் கடையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை தன் பெயர், ஊர், பள்ளி மூன்றையும் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். செய்ததைச் சேமித்து, அடுத்த வாரம் வந்து திறக்க வேண்டும். திரையில் பயமுறுத்தும்படியோ கூச்சப்படும்படியோ ஏதாவது வந்தால் மூடிவிட்டு ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பது பழக்கமாகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு முழுப் பக்கத் தமிழ்க் கடிதம், தெருவிளக்கு எரியவில்லை என்று பேரூராட்சிக்கு எழுதுகிற மாதிரி. தன் பெயரில் மின்னஞ்சல், பிறர் ஊகிக்க முடியாத கடவுச்சொல், அதை யாருக்கும் சொல்லாத உறுதி. வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு செய்தி உண்மையா என்று வேறு இரண்டு இடங்களில் தேடிப் பார்க்கிற பொறுமை. வீட்டுப் பட்டாவைத் திரையில் எடுத்துப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற திறமை. பத்தாம் வகுப்பில் ஒரு விண்ணப்பப் படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை தானே நிரப்புவது, படத்தைச் சுருக்குவது, சான்றிதழை பிடிஎஃப் ஆக்குவது, வீட்டின் ஒரு மாத வரவு செலவை விரிதாளில் போட்டுக் கூட்டுவது. நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போட வேண்டியதே இல்லை என்ற ஒரு செய்தியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோனால், எங்கள் ஊரில் எத்தனையோ முதியோர் உதவித்தொகையும் நூறு நாள் கூலியும் தப்பிக்கும்.

தமிழ்த் தட்டச்சை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைக்கு வருகிற பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், இல்லையென்றால் மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார்கள். பேசினால் எழுத்து வந்துவிடுகிறது, வந்ததில் றகர ரகரப் பிழை இருந்தாலும் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். தமிழ்நாடு அரசு 1999-இல் தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்றது. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. நடுவில் உள்ள புள்ளி தானாக விழும். ஒரு மாதம் தினமும் கால்மணி நேரம் பழகினால் கை தானே ஓடுகிறது, என் மகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததால் சொல்கிறேன். விண்டோஸிலும் லினக்ஸிலும் இந்தப் பலகை கூடவே வருகிறது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கால் நூற்றாண்டாக அரசு ஏற்ற தரம், அரசுப் பள்ளியின் ஆய்வகத்தில் ஒரு பாடமாக உட்காரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி தட்டச்சு எதற்கு, கோப்பு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. டிஎன் ஸ்பார்க் என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ், இணையக் கருவிகள் பற்றிய பாடங்கள் இப்போது வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்தக் கருவியிடம் நல்ல தமிழில் ஒரு கேள்வியைத் தெளிவாக எழுதவும், அது தருகிற பதிலைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டு இது தப்பு என்று சொல்லவும் தெரிந்தால்தான் அந்தப் பாடம் நிற்கும். அடித்தளத்தில் தட்டச்சும் தேடலும் சரிபார்ப்பும் இல்லாமல் மேலே ரோபோவை வைத்தால், கண்காட்சி நாளில் இரண்டு பிள்ளைகள் அதை இயக்கிக் காட்டுவார்கள், மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள்.

சோதிக்கிற விதமும் அளவுகோலின் ஒரு பாகம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் ஒருவருக்குத் தட்டச்சு தெரியுமா என்று கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடமானது. பிள்ளையைக் கணினியின் முன்னால் உட்காரவைத்து, செய்து காட்டச் சொல்லி மதிப்பெண் போடுகிற செய்முறைத் தேர்வு அதில் உண்டு. குனு/லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துத் தங்கள் பள்ளிகளுக்கு ஏற்ப மலையாளத்தோடு அமைத்துக்கொண்டார்கள். அதைவிட முக்கியமாக, கணினிக்கென்று தனி ஆசிரியர்கள் நியமனமாகட்டும் என்று காத்திருக்கவில்லை. கணக்கு ஆசிரியர், மொழி ஆசிரியர், சமூக அறிவியல் ஆசிரியர் என்று ஏற்கெனவே இருந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அவர்களுக்குள்ளிருந்தே பயிற்றுநர்களை உருவாக்கினார்கள். 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றங்களைத் தொடங்கினார்கள். ஆய்வகத்தைப் பராமரிப்பதில்கூடப் பிள்ளைகளுக்குப் பங்கு கிடைத்தது. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைக்கு என்ன தெரிய வேண்டும் என்று அங்கே கேட்டால், கையில் எடுத்துக் கொடுக்க ஒரு பாடத்திட்டமும் ஒரு தேர்வும் இருக்கின்றன.

நம்மிடம் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் கணினி அறிவியல் நல்ல பாடமாகவே இருக்கிறது. 2018-19-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் சி++ வந்தது, அடுத்த ஆண்டு பிளஸ் டூவுக்கு பைதான் வந்தது. ஆனால் அந்தப் பிரிவை எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அது. உயிரியல் எடுத்தவளுக்கும், வரலாறு எடுத்தவனுக்கும், பத்தாவதோடு நின்று திருப்பூருக்குப் போகிறவனுக்கும் ஆறிலிருந்து பத்து வரை அப்படி முழுப் பாடம் ஒன்றும் இல்லை. கணினி அறிவியலில் பி.எட். முடித்துவிட்டு வேலைக்காக வருடக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் என் கடைக்கு வருகிறார்கள், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆய்வகங்களைக் கவனிக்க ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டவர்களோ குறைந்த சம்பளத்தில் பெரும்பாலும் தகவல் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு பீரியட், செய்முறைக்கு என்று கால அட்டவணையில் எழுதி, அதைச் சொல்லித்தர ஒரு பெயரை எதிரே எழுதினால்தான் இந்தத் தொல்லை தீரும். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை டிஜிட்டல் அறிவை வலியுறுத்துகிறது. அந்த வரி எங்கள் பள்ளியின் கால அட்டவணையில் எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியடாக வரப்போகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா விதிமுறைப்படி ஒரு பள்ளிக்குக் கணினி வசதி ஏற்படுத்த ஒருமுறை 6.40 லட்சம் ரூபாய் வரை, பிறகு ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 2.40 லட்சம் வரை தரலாம். ஆறாவது வருடம் என்ன என்பதுதான் என் கேள்வி. 2019-20-இல் அமைந்த ஆய்வகங்களுக்கு அந்த ஆறாவது வருடம் வந்துவிட்டது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போகும், ஹார்ட் டிஸ்க் போகும், எலி ஒயரைக் கடிக்கும். எங்கள் ஊரில் கரண்ட் போனால் எல்லாக் கணினியும் ஒன்றாக அணைகிறது, பேட்டரி மாற்றக் கேட்டு எழுதியது எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு, ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான வழக்கு எப்படி முடிந்தாலும், ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்த ஆண்டை இரண்டாவது முறை படிக்கப்போவதில்லை. பராமரிப்புக்கு என்று ஒரு சிறு தொகையை மாநில அரசு பள்ளியின் கணக்கிலேயே ஆண்டுதோறும் போட வேண்டும், பேட்டரி வாங்கத் தலைமையாசிரியர் யாரிடமும் கையேந்தாதபடி.

திட்டமிடுகிற இடம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழுவைச் சொல்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22-ஆம் பிரிவு அந்தக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. நாங்களும் தயாரிக்கிறோம். சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்க் குழாய், கூடுதல் வகுப்பறை, எல்லாம் தேவையானவை. குழுவுக்கான கைபேசிச் செயலியில் அவற்றைப் பதிவதற்கு இடம் இருக்கிறது. இதுவரை எங்கள் கூட்டங்களில் 'கற்றலில் தொழில்நுட்பம்' என்ற தலைப்பில் பேச்சு வந்தது கணினி பழுது, இணையம் வேகமில்லை என்ற இரண்டுக்காக மட்டும்தான். பிள்ளைக்கு என்ன வர வேண்டும் என்ற அளவுகோல் மாநிலத்திலிருந்து வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் அதை எட்டியிருக்கிறார்கள், எட்டாததற்கு நேரம் காரணமா, ஆள் காரணமா, பேட்டரி காரணமா என்று கேட்டு எழுத முடியும். கல்குவாரியில் வேலை பார்க்கிற தாய்மார்களுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியும். அளவு என்ன என்று அவர்களிடம் சொன்னால் போதும்.

மாநிலம் எழுதும் வரை காத்திருக்கவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். வினாடி வினா இல்லாத நாளில் எட்டாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட் ஆய்வகத்தைத் திறந்துவிட வேண்டும், அதற்குப் பொறுப்பான ஆசிரியரின் பெயர் அட்டவணையில் இருக்க வேண்டும். கல்வியாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, தமிழ்99-இல் ஒரு பக்கக் கடிதம் அடித்து, அதைப் பெற்றோர் முன்னால் திறந்து காட்ட வேண்டும். அந்தக் கடிதங்களின் எண்ணிக்கையைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சுற்றுச்சுவருக்கும் கழிப்பறைக்கும் பக்கத்திலேயே எழுத வேண்டும். தட்டச்சு சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால், மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை கடையைப் பூட்டிவிட்டு நான் வருகிறேன் என்று தலைமையாசிரியரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.